டிராலியிலிருந்து ஸ்லைடர் வரை: சேர்வராயன் மலையடிவாரமும் நகரும் கேமராவும்

கேமரா ஸ்லைடர் என்பது குறுகிய தண்டவாளம் ஒன்றின் மீது கேமராவை அதிர்வின்றி நகர்த்த உதவும் கருவி. பெரும்பாலும் அலுமினியத்தால் ஆன இதன் நீளம் பொதுவாக 60 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை இருக்கும். இன்று ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலும் ஏரிக்கரையிலும் காணொளி எடுப்பவர்கள் இதைத் தோள்பையில் வைத்து எடுத்துச் செல்கின்றனர். அதே ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் பெரிய திரைப்பட நிறுவனங்களுள் ஒன்றான மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. கேமராவை நகர்த்துவது ஒரு ஸ்டுடியோவின் வேலையாக இருந்த நிலையிலிருந்து தனி ஒருவரின் வேலையாக மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நகரும் கேமராவின் தோற்றம்

திரைப்படம் பிறந்தபோது கேமரா ஒரே இடத்தில் நின்றது. அதை முதலில் நகர்த்தியவை ஊர்திகள். 1896-இல் லூமியேர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் புரோமியோ, வெனிஸ் நகரின் பெருங்கால்வாயில் படகில் கேமராவை வைத்துக் கரையோரக் கட்டடங்களைப் படம்பிடித்தார். படகு நகர்ந்தது, திரையில் நகரமே நகர்வதுபோல் தெரிந்தது. அதன்பின் ரயில், டிராம் ஆகியவற்றிலிருந்தும் இவ்வாறு படங்கள் எடுக்கப்பட்டன.

கேமராவுக்கென்றே வண்டி செய்து அதைக் கதை சொல்வதற்குப் பயன்படுத்தியதில் இத்தாலிய இயக்குநர் ஜியோவானி பஸ்த்ரோனேக்கு முக்கிய இடமுண்டு. 1914-இல் வெளிவந்த 'கபிரியா' படத்தில் கேமரா மெதுவாக முன்னும் குறுக்காகவும் நகர்ந்து, பிரமாண்டமான அரங்குகளின் ஆழத்தைக் காட்டியது. 1924-இல் ஜெர்மனியில் முர்னாவ் இயக்கிய 'தி லாஸ்ட் லாஃப்' படத்தில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் கேமராவை மேலும் விடுவித்தார்.

பேசும்படம் வந்ததும் இந்தச் சுதந்திரம் சில ஆண்டுகள் பறிபோனது. கேமரா ஓடும் சத்தம் ஒலிப்பதிவில் விழாமல் இருக்க, அதை ஒலிபுகாத அறைக்குள் அடைத்தனர். பின்னர் சத்தத்தை அடக்கும் உறைகள் வந்தபோது கேமரா மீண்டும் நகரத் தொடங்கியது, ஆனால் அதன் எடை கூடியது. தமிழ்ப் பேசும்படம் இந்தக் காலத்தில்தான் பிறந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வெளியானது. தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பல, மேடை நாடகத்தை எதிரில் அமர்ந்து பார்ப்பது போலவே எடுக்கப்பட்டன.

மலையடிவார ஸ்டுடியோ

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்த அதன் வளாகத்தில் படப்பிடிப்புத் தளங்களும் ஒலிப்பதிவு முதலிய வசதிகளும் ஒரே இடத்தில் இருந்தன. முதல் படமான 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்நிறுவனம் தயாரித்தது.

தமிழ்த் திரையில் கேமராவின் அசைவைப் பரவலாக்கியவர்களுள் ஒருவராக எல்லிஸ் ஆர். டங்கன் குறிப்பிடப்படுகிறார். கலிஃபோர்னியாவில் திரைப்படக்கலை பயின்ற இவர் 1935-இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாதபோதும் 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) ஆகிய படங்களை இயக்கினார். வசனத்தைவிடக் காட்சியை நம்பிப் படமெடுக்கும் ஹாலிவுட் பயிற்சி அவருடையது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 'பொன்முடி', 'மந்திரி குமாரி' ஆகிய படங்களை இயக்கினார்.

அசையாத கேமராவின் தேவை

கேமரா நகராமல் இருப்பதும் ஒரு நுட்பமாக இருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் பி. யூ. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரே நடிகரை ஒரே காட்சியில் இருவராகக் காட்ட அக்காலத்தில் பயன்பட்ட முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு பாத்திரத்தை எடுப்பர். பின்பு ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மற்றப் பாத்திரத்தை எடுப்பர். இரண்டு முறைக்கும் இடையில் கேமரா மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும்.

எனவே இரட்டை வேடக் காட்சிகளில் கேமரா நகர வேண்டுமென்றால், முதல் முறை சென்ற அதே பாதையில், அதே வேகத்தில் அது மீண்டும் செல்ல வேண்டும். மனிதக் கையால் இதைச் செய்ய இயலாது. கணினி கட்டுப்படுத்தும் மோஷன் கன்ட்ரோல் கருவிகள் 1970களில் ஹாலிவுட்டில் வளர்ந்த பிறகே இது சாத்தியமானது. தமிழில் கமல்ஹாசன் இரட்டை வேடத்தில் நடித்த 'ஆளவந்தான்' (2001) படத்தில் இத்தகைய கருவி பயன்படுத்தப்பட்டது. இன்று மோட்டார் பொருத்திய சிறிய ஸ்லைடர்கள் சிலவும் ஒரே நகர்வைத் திரும்பச் செய்யக்கூடியவை.

டிராலிக்குத் தேவைப்பட்ட கைகள்

ஸ்டுடியோக் காலத்தில் கேமராவை நகர்த்துவது கூட்டு உழைப்பு. மிட்செல் போன்ற கேமராக்கள் ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லும் எடையில் இல்லை. தண்டவாளத் துண்டுகளை இணைத்து, அடியில் மரத்துண்டுகளும் ஆப்புகளும் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். டிராலியின் மேல் கேமராவும் ஒளிப்பதிவாளரும் இருப்பர். உதவியாளர் ஒருவர் ஃபோகஸை மாற்றிக்கொண்டே வருவார். யூனிட் தொழிலாளர்கள் நடிகரின் நடைக்கு ஏற்ப டிராலியைத் தள்ளுவர். தொடக்கத்தில் குலுக்காமல் கிளப்புவதும், குறித்த இடத்தில் மெல்ல நிறுத்துவதும் அனுபவத்தால் வரும் திறமை. பழைய படங்களின் பெயர்ப்பட்டியலில் இவர்கள் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தளத்தின் சமமான தரையில் செய்யக்கூடிய இந்த வேலை மலைக்கு ஏறினால் பன்மடங்கு கடினமாகும். ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தண்டவாளம், டிராலி, கேமரா, ஆட்கள் எல்லாம் லாரிகளில் ஏற வேண்டும். சரிவான தோட்டத்தில் சில அடி தூரத்துக்கு மட்டம் பார்ப்பதற்கே நெடுநேரமாகும். அதற்குள் மூடுபனி இறங்கி வெளிச்சம் மாறிவிடவும் கூடும்.

1970களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஏரிஃபிளெக்ஸ் போன்ற எடை குறைந்த கேமராக்களுடன் தமிழ்ப்படங்கள் ஸ்டுடியோவைவிட்டு வெளியேறின. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) இதன் முக்கிய அடையாளம். டி. ஆர். சுந்தரம் 1963-இல் மறைந்தார். ஸ்டுடியோ முறை தளர்ந்த நிலையில், 1980களின் தொடக்கத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் படத்தயாரிப்பு முடிவுக்கு வந்தது.

ஸ்லைடரின் வருகை

2008-இல் கேனன் நிறுவனம் 5டி மார்க் 2 என்னும் புகைப்படக் கேமராவை அறிமுகப்படுத்தியது. லென்ஸ் இல்லாமல் 810 கிராம் எடையுள்ள அந்தக் கேமரா முழு எச்டி காணொளியையும் பதிவுசெய்தது. பின்னணியை மங்கலாக்கும் திரைப்படத் தோற்றம் குறைந்த செலவில் கிடைத்தது. ஆனால் எடை குறைந்த கேமராவைக் கையில் பிடித்தால் நடுக்கம் தெரிந்தது. இந்தத் தேவையை நிறைவேற்ற, தொழிற்சாலை இயந்திரங்களில் பயன்படும் நேர்கோட்டுத் தண்டவாளங்களையும் பேரிங்குகளையும் கேமராவுக்கு ஏற்ப மாற்றினர். இவ்வாறே சிறிய ஸ்லைடர்கள் பரவின.

தமிழகத்தில் இந்த மாற்றம் குறும்பட அலையுடன் ஒத்து வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் பின்னர் திரைப்பட இயக்குநர்கள் ஆயினர். பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் எஸ். டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த 'வழக்கு எண் 18/9' (2012) புகைப்படக் கேமராவால் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியது.

குறுகிய நகர்வின் கணக்கு

அரை மீட்டர் நகர்வு திரையில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இடமாறு தோற்றம். கேமராவை முக்காலியில் வைத்துத் திருப்பினால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே அளவில் நகரும். கேமராவே இடம் பெயர்ந்தால் அருகில் உள்ளது வேகமாகவும் தொலைவில் உள்ளது மெதுவாகவும் நகரும். இந்த வேறுபாட்டையே மூளை ஆழமாக உணர்கிறது.

ஏற்காட்டில் இதை எளிதாகக் காணலாம். அங்குள்ள காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் நிழலுக்காக வளர்க்கப்படுகின்றன. 60 செ.மீ. ஸ்லைடர் ஒன்றின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே 1 மீட்டர் தொலைவில் ஒரு மரம் இருப்பதாகக் கொள்வோம். கேமரா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போது அம்மரம் சுமார் 33 பாகை இடம் மாறும். 10 மீட்டரில் உள்ள காப்பிச் செடி சுமார் 3.4 பாகை மாறும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலைமுகடு ஒரு பாகையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே மாறும். அதாவது, அது அசையாது.

லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சமவெளியை நோக்கி ஸ்லைடரை நகர்த்தினால் படம் நின்றுவிட்டது போலத் தோன்றுவது இதனால்தான். முன்னால் ஒரு கிளையோ பாறையோ கம்பிவேலியோ இருந்தால் அதே நகர்வு உயிர்பெறும். சரிவான இடத்தில் ஸ்லைடரின் மட்டத்தைச் சரிபார்ப்பதும் அவசியம். இல்லையெனில் வண்டி தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுக்கும், வேகமும் சீராக இருக்காது.

மதிப்பீடு

ஸ்லைடர் டிராலிக்கு முழு மாற்று அன்று. நடந்துசெல்லும் நடிகருடன் பல மீட்டர் தூரம் செல்ல இன்றும் டிராலியோ ஸ்டெடிகேமோ கிம்பலோ தேவை. ஸ்லைடர் தருவது சில நொடிகளுக்கான நகர்வு மட்டுமே. ஆனால் அந்தச் சில நொடிகளுக்கு முன்பு லாரியும் ஆட்களும் முதலீடும் வேண்டியிருந்தன. இப்போது ஒரு மாணவர் பேருந்தில் ஏற்காடு சென்று அதை எடுக்க முடிகிறது.

இதில் இழப்பும் உண்டு. தண்டவாளம் போடச் செலவான நேரமும் பணமும், கேமரா ஏன் நகர வேண்டும் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை காணும்படி இயக்குநரை வற்புறுத்தின. இன்று அந்தத் தடை இல்லாததால், காரணமின்றி வழுக்கிச்செல்லும் காட்சிகள் பெருகியுள்ளன. நடிகரின் மூச்சுக்கு ஏற்ப டிராலியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்த தொழிலாளியின் கைப்பழக்கமும் மோட்டாருக்குக் கிடையாது.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று எஞ்சியுள்ளது. அந்நிறுவனத்தின் படங்கள் பலவற்றை இப்போது இணையத்திலேயே காணலாம். ஸ்லைடர் வாங்கும் மாணவர்கள் அவற்றில் கேமரா எங்கே நகர்கிறது, எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்துப் பார்த்தால், நகர்வு அரிதாக இருந்த காலத்தில் அது எதற்காகச் செலவிடப்பட்டது என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.