கட்டத்துக்கு வெளியே நடந்தது: கேரி லார்சனின் ஒற்றைக் கட்டக் கார்ட்டூன்கள்

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் கேரி லார்சனின் ‘தி ஃபார் சைட்’ 1980 ஜனவரி 1 அன்று ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளிதழில் தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் ஓடி 1995 ஜனவரி 1 அன்று நின்றது. உச்சத்தில் 1,900-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் அதை வெளியிட்டன. ஒரே ஒரு கட்டம், அதன் அடியில் ஓரிரு வரி வாசகம், அவ்வளவுதான். தொடர்ந்து வரும் பாத்திரங்கள் கிடையாது. நேற்றைய கதையின் மிச்சமும் கிடையாது. பசு பேசும், பாம்புக் குடும்பம் மேசையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும், குகை மனிதன் விரிவுரை நிகழ்த்துவான்.

இதையெல்லாம் ‘அபத்த நகைச்சுவை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அபத்தம் மலிவான சரக்கு. மாட்டுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட யாராலும் முடியும்; அப்படி மாட்டியவர்களில் பெரும்பாலோர் மறக்கப்பட்டுவிட்டார்கள். லார்சனின் நல்ல படங்கள் ஒரேயொரு விதியை உடைத்துவிட்டு மற்ற விதிகள் அனைத்தையும் பிடிவாதமாகக் காப்பாற்றுகின்றன. அப்படிக் கட்டிய உலகில் நடந்ததில் பாதியைக் காட்டாமல் வாசகரிடம் விட்டுவிடுகின்றன. அவற்றின் ஆயுள் இந்த இரண்டிலும் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் விதிகளைப் பார்ப்போம். ஒரு படத்தில் ஆண் கொசு வேலை முடிந்து வீடு திரும்பி, அன்றைக்குப் பாதி நாட்டுக்கு மலேரியாவைப் பரப்பிவிட்ட களைப்பை மனைவியிடம் சொல்கிறது. கடிப்பது பெண் கொசுதான் என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். கொசுக்கள் உடை உடுத்துவதும் வீடு கட்டிக் குடித்தனம் நடத்துவதும் ஆங்கிலம் பேசுவதும் யாருக்கும் உறுத்தவில்லையே என்று லார்சன் பின்னால் வேடிக்கையாக வியந்தார். எனக்கு இதில் வியப்பில்லை. முதல் பொய்யை ஒப்புக்கொண்ட வாசகர், அதற்கு மேல் ஒரு பொய்யையும் அனுமதிக்க மாட்டார். கொசுவுக்குக் குடும்பம் உண்டு என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆண் கொசு கடிக்கும் என்பது அதில் இல்லை.

1987-இல் வெளிவந்த சிம்பன்சிப் படம் இந்த ஒப்பந்தத்தை முறையாகக் காப்பாற்றியது. கிளையில் ஒரு சிம்பன்சித் தம்பதி உட்கார்ந்திருக்கிறது. பெண், பேன் பார்ப்பது போல ஆணின் ரோமத்தைத் துழாவுகிறது. கைக்கு ஒரு பொன்னிற மயிர் சிக்குகிறது. சிம்பன்சிகளை ஆராய வந்த அந்த ஜேன் குடாலோடு இன்னும் கொஞ்சம் ‘ஆராய்ச்சி’யா என்று குத்தலாகக் கேட்கிறது. கணவனின் கோட்டில் வேற்றுப் பெண்ணின் முடியைக் கண்டுபிடிக்கும் மனைவி பழைய குடும்ப நகைச்சுவையின் தேய்ந்த காசு. இங்கே அது மறுபடி செல்லுபடியாவதற்குக் காரணம், சிம்பன்சிகள் உண்மையிலேயே ஒன்றன் ரோமத்தை ஒன்று மணிக்கணக்காகத் துழாவும் உயிர்கள் என்பது. விலங்கின் வழக்கமும் மனிதக் குடும்பச் சண்டையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. குடாலின் நிறுவனத்திலிருந்து முதலில் கோபமான கடிதம் போனது. அப்போது ஆப்பிரிக்காவிலிருந்த குடால், படத்தைப் பார்த்ததும் ரசித்தார். பிற்பாடு லார்சனின் தொகுப்பொன்றுக்கு முன்னுரையும் எழுதினார்.

இனி, காட்டாமல் விட்ட பாதி. 1982-இல் வெளிவந்த ஒரு படத்தில் தோலாடை அணிந்த குகை மனிதன் திரைமுன் நின்று, ஸ்டெகோசாரஸ் டைனோசரின் வால் முட்களைச் சுட்டிக்காட்டுகிறான். எதிரே மற்றக் குகைவாசிகள் அடக்கமாக அமர்ந்து கேட்கிறார்கள். இந்த முட்களுக்கு ‘தாகோமைசர்’ என்று பெயர், காலஞ்சென்ற தாக் சிம்மன்ஸின் நினைவாக வைத்தது என்கிறான். தாக் எப்படிச் செத்தான் என்பது படத்தில் எங்கும் இல்லை. ஆனால் அந்த வாலைப் பார்த்த கணமே சாவு முழுவதையும் வாசகர் மனத்தில் வரைந்துவிடுகிறார். கோரக் காட்சியை லார்சன் வரைந்திருந்தால் படம் செத்திருக்கும்.

ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதன் எதிரில் மனிதனை நிறுத்தியது பாவம் என்பதை லார்சனே வேடிக்கையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கொசுப் படத்துக்கு எழுந்த எதிர்ப்பு இதற்கும் ஏன் பொருந்தாது? இங்கே காப்பாற்றப்பட்ட விதி விரிவுரையின் விதி. நீட்டிய கோல், அடங்கிய குரல், கலைச்சொல், அதைத் தொடரும் நினைவஞ்சலி எல்லாமே கருத்தரங்கில் நாம் காண்பவை. அந்த முட்களுக்கு அதுவரை தனிப்பெயர் இல்லை. 1993-இல் தொல்லுயிரியலாளர் கென் கார்ப்பென்டர் ஓர் ஆய்வரங்கில் ஸ்டெகோசாரஸ் பற்றிப் பேசும்போது லார்சன் இட்ட பெயரையே எடுத்தாண்டார். பிறகு அது அருங்காட்சியகங்களுக்கும் பரவியது.

தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்களும் (எள்ளல், இளமை, பேதைமை, மடன்) சிரிப்புக்கு ஆளாகும் மனிதரிடம் அல்லது சிரிப்பவரிடம் குடிகொள்பவை. லார்சனின் சிம்பன்சியும் குகை விரிவுரையாளரும் பேதைகள் அல்லர். தங்கள் உலகில் ஒழுங்காகவே நடந்துகொள்கிறார்கள். பேதைமை இங்கே படம் பார்ப்பவர் பக்கம் நகர்கிறது. ஒரு நொடி விழித்து, பிறகு புரிந்துகொண்டு சிரிப்பது அவர்தான்.

அந்த நொடி முடிவே இல்லாமல் நீண்டால் என்னவாகும்? 1982 அக்டோபரில் வந்த ‘பசுவின் கருவிகள்’ படம் காட்டியது. ஒரு பசு பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னே மேசை, மேசைமேல் நான்கு பொருள்கள். ஒன்று ஏதோ ரம்பம் போல இருக்கிறது. மற்றவை என்னவென்றே தெரியவில்லை. அடியில் தலைப்பு மட்டும். கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. கடைசியில் லார்சன் பத்திரிகைகளுக்கு விளக்க அறிக்கை விடவேண்டியதாயிற்று. கருவி செய்வதே மனிதனின் அடையாளம் என்கிறார்களே, பசு செய்தால் எவ்வளவு மட்டமாகச் செய்யும் என்பதுதான் வேடிக்கை என்றார். ஒரு கருவியை ரம்பம் போல வரைந்ததே தவறு என்றும் அவர் கண்டுகொண்டார். ஒன்று அடையாளம் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் விடை இருந்தாக வேண்டும் என்று வாசகர் முடிவுசெய்துவிடுகிறார். வாசகர் நிரப்ப வேண்டிய இடம் இருந்தது. நிரப்பச் சரக்கு இல்லை. ஆயினும் இன்று இணையத்தில் அதிகம் சுற்றிவரும் லார்சன் படங்களில் இதுவும் ஒன்று. விளங்காதது என்று தெரிந்தபிறகு அதன் விளங்காமையே ரசனைக்குரியதாகிவிட்டது.

ஒரேயொரு விதி என்ற முதல் வாதத்துக்கு 1981-இல் ‘டேட்டன் டெய்லி நியூஸ்’ நாளிதழ் ஓர் எதிர்பாராத பரிசோதனையை நடத்திவைத்தது. ‘டென்னிஸ் தி மெனஸ்’ என்ற மற்றொரு கார்ட்டூனின் வாசகமும் லார்சன் வாசகமும் அச்சில் இடம் மாறிவிட்டன. மறுபடியும் வெள்ளெலிதானா என்று சலித்துக்கொள்வது சிறுவன் டென்னிஸ் ஆயிற்று. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி செய்யத் தெரிந்ததால் பிழைத்தோம் என்பது குட்டிப் பாம்பின் வசனம் ஆயிற்று. இரண்டுமே முன்னைவிடத் தேறிவிட்டன என்பது லார்சனின் கருத்து. இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசைதான். குடும்பங்களில் ஒன்று பாம்பு. மாற்றியது அந்த ஒன்றை மட்டுமே என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடிக் கிடைக்காது.

பழைய வாசகர்களின் ஏக்கம்தான் லார்சன்மீது இன்றுள்ள ஈர்ப்பு என்று சொல்வோர் இருக்கலாம். ஆனால் இந்தியக் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் ‘யூ செட் இட்’ படங்களில் பலவற்றை ரசிக்க அன்றைய செய்தி தெரிந்திருக்க வேண்டும்; லார்சனுக்குத் தேதி தேவையில்லை. அவருடைய பருத்த பெண்களின் உயர்ந்த கொண்டையும் கூர்முனைக் கண்ணாடியும் 1980-லேயே பழம்பாணி. வரைந்தபோதே காலாவதியாகியிருந்தது அதற்கு மேல் எப்படிக் காலாவதியாகும்?

ஆனால் பாத்திரங்கள் இல்லாத இந்த வடிவம் கலைஞரிடம் கடுமையாக வசூலிக்கிறது. டென்னிஸை வரைபவருக்கு வீடும் அப்பா அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தயாராக இருக்கிறார்கள். லார்சன் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாய் ஓர் உலகத்தையும் அதன் சட்டதிட்டத்தையும் கட்டியாக வேண்டும். 2003-இல் வந்த முழுத் தொகுப்பில் 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. தரம் சரியுமோ என்ற அச்சத்தில்தான் நாற்பத்து நான்கு வயதில் அவர் நிறுத்தினார். 2020 ஜூலையில் கணினிப் பலகையில் வரைந்த சில புதிய படங்களைத் தம் தளத்தில் வெளியிட்டபோதும், தினப்படிக் கெடுவை மறுபடி ஏற்க அவர் சம்மதிக்கவில்லை.