கம்பெனியின் விதையும் கொங்கு உழவரின் மறுப்பும்: திருப்பூர் வட்டாரப் பருத்தி (1799–1925)

இன்று பின்னலாடை நகராக அறியப்படும் திருப்பூர், 2009இல் தனி மாவட்டமாகும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்டது. அவ்வாட்சியை எதிர்த்த தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆயுத எதிர்ப்பு ஒடுக்கப்பட்ட பின்னர் காலனியத் தலையீடு நிலத்துக்கும் விதைக்கும் நகர்ந்தது. அதனைக் கொங்கு உழவர் எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்திய அச்சுத் துணிகளை இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் தடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகளின் நூலும் துணியும் இந்தியச் சந்தையை நிறைத்தபோது, கைநூற்பு வருவாய் குன்றியது. தறிகள்மீதும் விதிக்கப்பட்ட ‘மொதுர்பா’ என்னும் தொழில்வரி சென்னை மாகாணத்தில் 1861 வரை நீடித்தது. துணி நெய்த நிலப்பகுதியிடம் இனி மூலப்பஞ்சே எதிர்பார்க்கப்பட்டது.

அப்பஞ்சின் தரத்தை ஆலைகளே வரையறுத்தன. கரிசலில் மானாவாரியாக விளைந்த உப்பம், செம்மண்ணில் சில ஆண்டுகள் நின்று பலன் தந்த நாடம் ஆகிய நாட்டுப் பருத்திகளின் குட்டை இழை, ஆலை எந்திரங்களுக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்டது. 1840இல் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தார். ஆயினும் அப்பருத்தி உழவரிடையே பரவவில்லை.

இத்தகைய தோல்விகளுக்கு உழவரின் அறியாமையையும் பழமைப்பற்றையும் காரணமாக்குவது காலனிய நிருவாக எழுத்தின் வழக்கம். உழவரின் கணக்கு வேறு. மழை பொய்த்தாலும் நிலவரி நிற்காது. ஆகவே, வறட்சி தாங்கும் பயிரே அவருக்குக் காப்பு. பருத்திக்கொட்டை உழவு மாட்டுக்குத் தீவனம் என்பதால், இழையை மட்டுமே அளந்து பயிரை மதிப்பிட அவரால் இயலாது. நீண்ட இழைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவே அம்மறுப்பை இடர் குறித்த தேர்ந்த முடிவாகக் கொள்வதே பொருந்தும்.

பிற்கால நிகழ்வுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போர் பஞ்சு விலையை உயர்த்தியது. 1862இல் திருப்பூர் வழியே இருப்புப்பாதை அமைந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1876–78 பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. உலகச் சந்தையை நம்பிய வேளாண்மையின் இடர் அக்காலத்தில் தெளிவாயிற்று. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான கம்போடியப் பருத்தியை அதே உழவர் விரைந்து ஏற்றனர். கிணறு வெட்டிக் கவலை பூட்டி இறைத்த தோட்டக்காலில் அது நல்ல விளைச்சல் தந்தது; கோயம்புத்தூரில் 1888இல் தொடங்கிய ஆலைத்தொழில் அருகிலேயே சந்தையை உருவாக்கியிருந்தது. கம்போடியாவும் அமெரிக்க இனவழிப் பருத்தியே. ஆகவே மறுக்கப்பட்டது அயல்விதை அன்று. பாசனமும் விலையும் உறுதிப்படாத நிலையில் இடரை உழவர்மீது சுமத்திய ஏற்பாடே.

இவ்வேற்பும் விலையின்றி வாய்க்கவில்லை. நாட்டுப் பருத்திகள் பின்தள்ளப்பட்டன. கிணறும் இறைவை மாடும் உடையோர் பயன் பெற, மானாவாரிச் சிறு உழவரும் நிலமற்ற தொழிலாளரும் பின்தங்கினர். புதுப்பயிரின் பூச்சிகளைக் கட்டுப்படுத்த, 1919ஆம் ஆண்டுச் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ்க் குறித்த நாளுக்குள் செடிகளைப் பிடுங்க வேண்டுமென அரசு கட்டாயப்படுத்தியது. எப்போது அறுப்பது என்ற உழவரின் முடிவும் அரசாணைக்குட்பட்டது.

பஞ்சு அரவை ஆலைகளும் பருத்திச் சந்தையும் திருப்பூரில் வளர்ந்தன. 1925ஆம் ஆண்டளவில் பின்னலாடைத் தொழிலும் அங்குத் தோன்றியது. இத்தொழில் வரலாற்றைக் காலனியம் தந்த கொடையாகவோ, தொழில்முனைவோரின் தனித்திறனாகவோ மட்டும் எழுதுவது போதாது. கைநூற்பு இழந்தோர், கிணறு வெட்டியோர், கிணறற்றோர் ஆகிய மூவரின் வரலாறும் அதனுள் அடங்கும்.