புழுங்கலரிசியும் பெரிபெரியும்

புழுங்கலரிசிச் சோறென்றால் முகம் சுளிக்கும் மாணவச் செல்வங்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

1900-ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களே அதிகம் மாண்டனர். நம் தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கல். காரணம் அதுதான் என்றார் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன். பலர் நம்பவில்லை.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொல்லி, ஒற்றைப்படைக்காரர் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர் மறு பக்கம் என்று பிரித்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை! (சம்மதம் கேட்கும் வழக்கமெல்லாம் அந்தக் காலத்தில் ஏது? பாவம், அந்தப் பதினெட்டுப் பேர்.) கட்டடத்தில்தான் கோளாறோ என்று இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். அப்போதும் பச்சரிசிக்காரர்களையே நோய் பிடித்தது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினாலோ தவிட்டோடு அதுவும் போய்விடும். அந்தச் சத்துக்குப் பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயரிட்டார்கள்.