திருமறையில் போரடிக்கும் களம்: உவமையும் வரலாறும்

யோவான் ஸ்நானகன் தனக்குப்பின் வருகிறவரைப்பற்றி அறிவித்தபோது, ஒரு களத்தையும், அதைத் துப்புரவாக்கும் ஒருவரையும், கோதுமையையும் பதரையும் அணையாத நெருப்பையும் கேட்போரின் கண்முன் நிறுத்தினான் (மத். 3:12). நம் பிரசங்க பீடங்களில் இப்பகுதி பெரும்பாலும் ஒரே வகையில் விளக்கப்படுகிறது: கோதுமை நல்லோர், பதர் தீயோர், இரு சாராரும் ஒருநாள் பிரிக்கப்படுவர். இவ்விளக்கம் தவறன்று. ஆயினும் அக்களத்தில் உண்மையாகவே நடந்த வேலை யாது, அதைச் செய்தவர் யாவர் என்று வினவாமல் இத்துடன் நின்றுவிடுவோமானால், உவமையைப் பாதியளவே வாசித்தவர்களாவோம்.

பலஸ்தீன நாட்டில் வாற்கோதுமை முதலாவதாகவும் கோதுமை அதனை அடுத்தும் அறுவடைக்கு வந்தன. 1908-ஆம் ஆண்டில் மெக்காலிஸ்டர் நடத்திய அகழ்வில் கேசேரில் கிடைத்த சிறு சுண்ணாம்புக்கல் பலகை இவ்வேளாண்மைக் கிரமத்தை மாதவாரியாகக் கூறுகிறது. கி.மு. பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அப்பலகையில் வாற்கோதுமை அறுப்புக்கு ஒரு மாதமும், அதற்குப்பின் அறுப்புக்கும் அளத்தலுக்குமாக ஒரு மாதமும் குறிக்கப்பட்டுள்ளன. ‘அளத்தல்’ என்று இங்கே கொள்ளப்படும் சொல்லை ‘முடித்தல்’ என்று வாசிப்பாரும் உண்டு. இச்சிறு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் வேறோரிடத்தில் இதனைச் சந்திப்போம்.

களம் ஊருக்குப் புறம்பே, காற்றுப்படும் மேட்டில், பாறைத் தரையிலோ கெட்டித்த மண்ணிலோ அமைந்தது. பரப்பிய கதிர்களின்மேல் எருதுகள் மிதித்துச் சுற்றின. அல்லது அடிப்புறத்தில் கூரிய கற்கள் பதித்த கனத்த பலகையை இழுத்துச் சென்றன. எபிரேயர் இதனை ‘மோராக்’ என்றனர். உரோமர் இத்தகைய கருவியைத் ‘திரிபுலும்’ என்றழைத்தனர். இலத்தீன் திருச்சபை உபத்திரவத்தைக் குறிக்க வழங்கிய ‘திரிபுலாத்தியோ’ என்னும் சொல் இக்கருவியின் பெயரோடு உறவுடையது. மாலைக் காற்று எழும்போது, மிதிபட்டதை மரக்கவையால் அள்ளி மேலே எறிவர். மணி அருகிலேயே விழும். துண்டான வைக்கோல் சற்றுத் தள்ளி விழும். பதர் காற்றோடு போய்விடும். வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாயிற்று, செங்கல் மண்ணிலும் கலக்கப்பட்டது (யாத். 5:7). கழிக்கப்பட்டது உமியும் தூசியுமாகிய பதர் மட்டுமே.

1871-ல் வெளிவந்த ஐக்கிய திருப்புதல் மத்தேயுவின் இவ்வசனத்தில் ‘தூற்றுக்கூடை’ என்னும் சொல்லை வழங்குகிறது. கிரேக்க மூலத்திலுள்ள ‘ப்டுவோன்’ கூடையன்று, மரக்கவை அல்லது மரச்சட்டுவம். நெற்களத்தில் கூடையாலும் முறத்தாலும் தூற்றிப் பழகிய மக்களுக்கென்று மொழிபெயர்த்தோர் அவ்வாறு எழுதியது பொருத்தமே, குறைகூற வேண்டுவதில்லை. மூலத்தைக் கற்கும் மாணவர் கவனிக்கவேண்டியது வேறொன்று. எபிரேயத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ‘ரூவாக்’ என்பது ஒன்றே சொல். கிரேக்க ‘ப்நியூமா’வும் அத்தகையதே. யோவான் முந்தின வசனத்தில் ஆவியையும் அக்கினியையும் பற்றிப் பேசிய வாய் மூடுமுன்னே களத்தைப்பற்றிப் பேசுகிறான். காற்றில்லாமல் எந்தக் களமும் துப்புரவாவதில்லை என்பதைக் கேட்டுநின்ற உழவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருந்திராது.

களத்தைப்பற்றிய மிக ஆழ்ந்த இறையியல் ஏசாயா 28:23-29-இல் உள்ளது. நம் அருளுரைகளில் இப்பகுதி அரிதாகவே இடம்பெறுகிறது. அசீரியப் பேரரசு எப்பிராயீமை விழுங்க நெருங்கிய காலத்தில், தீர்க்கதரிசி ஓர் உழவனைச் சுட்டிக்காட்டுகிறார். மென்மையான விதைகளை அவன் கனத்த கருவியால் போரடிப்பதில்லை, கோலால் தட்டி எடுக்கிறான். சீரகத்தின்மேல் வண்டிச் சக்கரத்தை உருட்டுவதில்லை. அப்பத்துக்கான தானியத்தையோ போரடிக்கிறான், ஆனால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. (நம் திருப்புதலில் இங்கே ‘உளுந்து’ என்றிருப்பது எபிரேயத்தில் கருஞ்சீரகத்தைக் குறிக்கும் சொல்லாகவே கொள்ளப்படுகிறது. உளுந்தைக் கோலால் அடிப்பதும் நம் நாட்டு வழக்கமாதலால் கருத்து கெடவில்லை.) இந்த அளவறிந்த விவேகத்தை உழவனுக்குக் கற்பித்தவர் தேவனே என்று அதிகாரம் முடிகிறது. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்புதான் ஆண்டவரின் நியாயத்தீர்ப்பு அவருக்கே அபூர்வமான கிரியை என்று கூறப்பட்டது. எனவே நியாயத்தீர்ப்புக்கும் ஓர் அளவு உண்டு. அடியின் நோக்கம் மணியைப் பெறுவதே, நொறுக்குவதன்று. பதரைப்பற்றி முழங்கும் நாம் இந்த அளவைப்பற்றி மெளனமாயிருப்பது நமது குறையே.

அளவில்லாத போரடிப்பையும் இஸ்ரவேலர் அறிந்திருந்தனர். தமஸ்குவின் அரசர் யோவாகாசின் சேனையைப் போரடிக்கும் தூசியைப்போல் ஆக்கினர் என்கிறது 2 இராஜாக்கள் 13:7. கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்ததற்காகவே ஆமோஸ் தமஸ்குவின்மேல் தீர்ப்புரைக்கிறார் (1:3). இது வெறும் அணியா, மனித உடல்கள்மேல் நடந்த கொடுமையா என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். எவ்வாறாயினும் உழவனின் கருவி போர்க்கொடுமைக்குப் பெயராயிற்று. அடிபட்ட மக்களை நோக்கித் தீர்க்கதரிசி, ‘என் களத்தின் புத்திரன்’ என்னும் பொருள்பட விளிப்பதும் உண்டு (ஏசா. 21:10). அங்கே போரடிக்கப்பட்டவன் பதரல்லன், அன்புக்குரியவன். இதற்கு மாறாக மீகா 4:13-இல் சீயோன் குமாரத்தியே எழுந்து ஜாதிகளைப் போரடிக்கும்படி அழைக்கப்படுகிறாள். நேற்று அடிபட்டவன் இன்று கோலை ஏந்துவதைக் காட்டும் இவ்வசனத்தை, வாளைக் கொழுவாக்கும் அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தோடு சேர்த்து வாசிக்காமல் பிரசங்கிப்பது ஆபத்தானது.

எருசலேம் ஆலயமும் ஒரு களத்தின்மேல் எழுந்ததே. கொள்ளைநோய் நின்ற இடம் எபூசியனாகிய அர்வனாவின் களம். அவன் எருதுகளையும் போரடிக்கும் உருளைகளையும் நுகத்தடிகளையும் பலிக்கும் விறகுக்குமாகக் கொடுக்க முன்வந்தான். தாவீதோ இலவசமாய்ப் பெற மறுத்தான். சாமுவேல் ஆகமம் விலையை 50 சேக்கல் வெள்ளி என்றும், நாளாகமம் 600 சேக்கல் பொன் என்றும் கூறுகின்றன. இவ்வேறுபாட்டை இசைவிக்க எழுதப்பட்டவை ஏராளம். அதைவிட நம் சிந்தனைக்குரியது, இஸ்ரவேலின் பரிசுத்த ஸ்தலம் ஒரு புறஜாதியானின் உழைப்பிடமாயிருந்தது என்பதும், முதற்பலியின் நெருப்பில் எரிந்தவை அவன் பிழைப்புக்கான கருவிகள் என்பதுமே.

களத்தில் உழைத்தவரின் குரல் திருமறைக்கு வெளியிலும் ஒருமுறை நமக்குக் கேட்கிறது. 1960-இல் யாப்னேக்குத் தெற்கே கடற்கரையிலிருந்த ஒரு கோட்டையின் இடிபாடுகளில் மையால் எழுதப்பட்ட மண்ணோடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியினதாகிய அது, அறுப்புக்காரன் ஒருவன் அதிகாரிக்கு எழுதுவித்த மனு. தான் அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்தபின்னர், ஓசாயா என்னும் மேற்பார்வையாளன் வந்து தன் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான் என்றும், வெயிலின் உஷ்ணத்தில் தன்னோடு அறுத்த சகோதரர் யாவரும் தனக்காகச் சாட்சி சொல்வர் என்றும் அவன் முறையிடுகிறான். கேசேர்ப் பலகையில் கண்ட ‘அளத்தல்’ என்னும் சொல் இங்கேயும் உள்ளது; அறிஞரின் கருத்துவேறுபாடும் உடன் உள்ளது. அளந்தேன் என்றாலும் முடித்தேன் என்றாலும், தனக்கிட்ட வேலையில் குறைவைக்கவில்லை என்பதே அவனுடைய வழக்கு.

ஏழையின் வஸ்திரத்தைப் பொழுதுபோகுமுன் திருப்பிக்கொடுக்கவேண்டும் என்ற கட்டளை யாத்திராகமம் 22:26-இல் உண்டு. அடகாகப் பெற்ற வஸ்திரங்களின்மேல் பலிபீடங்களருகே படுத்துக்கொண்டவர்களை ஆமோஸ் கண்டித்தார் (2:8). அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதியதும் (5:4) இத்தகைய களங்களின் ஓரத்தில் நின்றவர்களைப்பற்றியே. அந்த மனுவின் கடைசி வரிகள் சிதைந்துள்ளன. வஸ்திரத்தைத் திருப்பிக்கொடுக்கச் செய்யும்படியும், தன்மேல் இரக்கம் வைக்கும்படியும் அவன் கேட்கும் இடத்தில் எழுத்து நின்றுபோகிறது.