கரு கலைந்தால் யார் குற்றம்? குரோமோசோம் பிழைகள் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

இரண்டு, மூன்று மாதத்தில் கரு கலைந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதுதான். பப்பாளி சாப்பிட்டாள், குடம் தூக்கினாள், பஸ்ஸில் தாய் வீட்டுக்குப் போய் வந்தாள், கிரகணத்தில் வெளியே நின்றாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கருவை இழந்தவள் அந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

மருத்துவம் சொல்வது வேறு. உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. இந்த ஆரம்பகால இழப்புகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழை.

பிழை எப்படி நேர்கிறது?

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இந்தப் பங்கீட்டில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, அந்தக் கருவால் பெரும்பாலும் வளர முடியாது. கலைந்த கருக்களில், ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிழைகளில் அதிகம் காணப்படுவது 16-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிவில் நின்று பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அதனால்தான் 35 வயதுக்கு மேல் இந்தப் பிழை கூடுகிறது. ஆனால் இளம் வயதிலும் இது நேரும். உணவாலோ வீட்டு வேலையாலோ பயணத்தாலோ இது வருவதில்லை. பெரும்பாலும் தற்செயலானது, அடுத்த கர்ப்பம் நல்லபடியாக அமையவே வாய்ப்பு அதிகம்.

சொந்தத்தில் முடித்ததாலா?

நெருங்கிய உறவில் திருமணம் செய்வது சில மரபணு நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும். அது தனி விஷயம். மேலே சொன்ன எண்ணிக்கைப் பிழை, உறவே இல்லாத தம்பதியரிடமும் இதே போல் நேர்கிறது.

மீண்டும் மீண்டும் கலைந்தால்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கலைந்திருந்தால் பரிசோதனை அவசியம். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை அமைப்பு, ரத்தம் உறையும் கோளாறு ஆகியவற்றுடன் கணவன், மனைவி இருவரின் குரோமோசோம்களையும் ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கலாம். இத்தகைய தம்பதியர் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேரில், ஒருவரின் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவர் ஆரோக்கியமாகவே இருப்பார். கருவில்தான் குறை வரும். அது கணவராகவும் இருக்கலாம். மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பாதிப் பரிசோதனைதான். இந்த நிலையிலும் பலர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள்.

திருவண்ணாமலை பகுதியினர் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை அணுகலாம். மரபியல் ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் தனித் துறை உண்டு. கலைந்த திசுவைச் சோதிக்க விரும்பினால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்களை வளர்த்துப் பார்க்க முடியாது.

தாமதிக்கக் கூடாதவை

அதிக ரத்தப்போக்கு, மயக்கம், காய்ச்சல், கடும் வயிற்று வலி இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். தாய் நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதற்கான ஊசி தேவையா என்று கேளுங்கள். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு, மகப்பேறு நலனுக்கான சட்ட விதிகள் பொருந்தும் நிறுவனங்களில், கருச்சிதைவுக்குப் பின் 6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. தொழுகை, நோன்பு தொடர்பான சட்டங்கள் கருவின் வளர்ச்சியைப் பொறுத்து மாறும் என்பதால் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மழலைப் பருவத்தில் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது, யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். மகனுக்காகக் கண்ணீரும் சிந்தினார்கள். நமக்கு இதில் வழிகாட்டல் உண்டு: இழந்தவளை அழ விடுங்கள், பழி சொல்லாதீர்கள். அல்லாஹ் அவர்களுக்கு அழகிய பொறுமையையும் ஸாலிஹான சந்ததியையும் தந்தருள்வானாக. ஆமீன்.