எஞ்சிய உணவும் உணவு வங்கியும்: ஒரு வரலாற்று நோக்கு

பஞ்சமும் போரும் மக்கட்குச் சிக்கனத்தைக் கற்பித்தமை வரலாறு அறிந்த செய்தியாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசாங்கம் உணவை வீணாக்குதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பர்மா யப்பானியர் வசமான 1942ஆம் ஆண்டில் இலங்கை மக்களும் கூப்பன் அரிசியை அளந்து உண்ணும் நிலையை எய்தினர். அந்நாளில் உணவு காக்கப்பட்டது, அது அரிதாயிருந்தமையால். உணவு மிகுந்தமையாலேயே அது குப்பையாயிற்று என்னும் புதுமையை மேலைநாடுகள் கண்டது போருக்குப் பிந்திய காலத்திலேயாகும். உணவு வங்கி என்னும் தாபனம் அப்புதுமையினின்று தோன்றியது. பசியைத் தணித்தற்கெனப் பிறந்த அத்தாபனத்தின்மீது காலநிலையைக் காக்கும் பணியும் ஏற்றப்பட்டது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே. இவ்விரு பணிகளும் தம்முள் முற்றும் பொருந்துவனவா என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், ஏழைகட்கு உணவளிக்கும் சாலையொன்றிலே தொண்டாற்றியவர் ஜோன் வான் ஹெங்கெல் என்பவர். வீட்டுத் தோட்டங்களிலே பறிப்பாரின்றி விடப்பட்ட தோடம்பழம் முதலியவற்றைத் திரட்டிச் சாலைக்குக் கொண்டுவருதல் அவர்தம் வழக்கமாயிருந்தது. பிள்ளைகள் பலரைப் பெற்ற தாயொருத்தியை அவர் அங்குச் சந்தித்தார். கடைகளின் பின்புறத்துக் குப்பைத் தொட்டிகளில் எறியப்படும் உணவைப் பொறுக்கியே தன் பிள்ளைகளைக் காப்பதாகக் கூறிய அப்பெண், பணத்தை இடவும் எடுக்கவும் வங்கி இருப்பதுபோல உணவுக்கும் ஓரிடம் இருத்தலாகாதா என வினவினாள். அவ்வினாவே வித்தாயிற்று. நகரிலிருந்த புனித மரியாள் ஆலயம் பயனின்றிக் கிடந்த கட்டடமொன்றையும் 3,000 டொலரையும் உதவ, 1967ஆம் ஆண்டில் உலகின் முதலாவது உணவு வங்கி எனப்படுவது அங்கே தோன்றியது. முதலாண்டிலேயே 250,000 இறாத்தலுக்குக் குறையாத உணவு அதன் வாயிலாக வறியோரைச் சென்றடைந்தது. வங்கி என்னும் பெயரை ஈந்தவள் பொருளியல் கற்றவள் அல்லள் என்பதும், அவள் பெயரை இத்தாபனங்கள் எவையும் தாங்கவில்லை என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

வங்கியின் வளர்ச்சிக்கு இரக்கம் மாத்திரம் காரணமன்று. 1976ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம், தம் சரக்கைத் தருமத்துக்கு ஈயும் வணிகக் கம்பனிகட்கு வரிச்சலுகையை மிகுவித்தது. எறிந்தால் நட்டம், ஈந்தால் ஓரளவு ஊதியம் என்றானபின் ஈகை எளிதாயிற்று. 1977இல் பதினெட்டு நகரங்களிலே உணவு வங்கிகள் இருந்தன. 1979இல் அவற்றை இணைக்கும் தேசிய அமைப்பு 'இரண்டாம் அறுவடை' என்னும் பெயருடன் எழுந்தது. ஈந்த உணவால் எவர்க்கேனும் நோய் விளையின் வழக்கு வருமே என்ற வணிகர் அச்சத்தை, நல்லெண்ணத்துடன் ஈவோரைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் போக்கிற்று.

ஐரோப்பாவின் கதை சிறிது வேறுபட்டது. கனடாவின் எட்மன்ரன் நகரில் 1981இல் தோன்றிய வங்கியின் மாதிரியைப் பின்பற்றி, 1984இல் பாரிசு நகரை அடுத்துப் பிரான்சின் முதல் உணவு வங்கி நிறுவப்பட்டது. அப்போது ஐரோப்பிய சமூகத்தின் களஞ்சியங்களிலே வெண்ணெயும் பாற்பொடியும் மாட்டிறைச்சியும் தானியமும் மலைபோற் குவிந்து கிடந்தன. உழவர்க்கு விலையை உறுதிசெய்யும் பொருட்டு அரசுகள் வாங்கிய மிகுதி அது. 1986-87ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அக்களஞ்சியங்கள் வறியோர்க்குத் திறக்கப்பட்டன. 1987இன் இறுதியில் அஃது ஒழுங்கான திட்டமாக்கப்பட்டது. ஆயின் பின்வந்த விவசாயக் கொள்கைச் சீர்திருத்தங்களால் மிகுதி குறைந்தது. மலை கரையவே, திட்டத்தை நடத்தச் சந்தையில் உணவு வாங்கவேண்டியதாயிற்று. இது மிகுதியைப் பகிர்தலன்று, சமூகநலப் பணியே என வாதிட்டு ஜேர்மனி வழக்காடிற்று. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு அதற்குச் சார்பாய் அமைந்தது. 2014 முதல் வேறொரு நிதியமே அப்பணியை ஏற்றது. மிகுதியின்மேற் கட்டப்பட்ட தருமம் மிகுதி நீங்கியவிடத்துத் தளம்பும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காலநிலைச் சிந்தனை இவ்வரலாற்றினுள் நுழைந்த காலமும் ஏறத்தாழ அதுவே. உலகில் மனிதர் உண்ணுதற்கென விளைவிக்கப்படும் உணவிலே மூன்றிலொரு பங்கு, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 130 கோடி தொன், இழக்கப்படுகின்றது அல்லது வீணாக்கப்படுகின்றது என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய தாபனம் 2011இல் மதிப்பிட்டது. 2013இல் அதே தாபனம், உண்ணப்படாத அவ்வுணவின் பொருட்டு வெளிப்படும் வாயுக்கள் 330 கோடி தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும் எனக் கணித்தது. வீணாகும் உணவை ஒரு நாடெனக் கொண்டால், வாயுக்களை வெளியிடுவதிற் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த மூன்றாவது நாடாக அது நிற்கும். உண்ணப்படாத விளைவுக்கெனப் பயன்பட்ட நிலம் 140 கோடி எக்டேயர்.

இதன் இயல்பு சிறிது விளக்கத்தக்கது. எறியப்பட்ட சோறு இருமுறை தீங்கு செய்கின்றது. அதனை விளைவித்த உரமும், நீரிறைத்த எண்ணெயும், ஏற்றிவந்த வாகனமும், சமைத்த அடுப்பும் முன்னரே வாயுவை வெளியிட்டுவிட்டன. நீர் தேங்கிய நெல்வயலும் மெதேனை விடுகின்றது. பின்னர்க் குப்பைமேட்டின் அடியிற் புதைந்து ஒட்சிசன் இன்றி அழுகும்போது மீண்டும் மெதேன் பிறக்கின்றது. இவ்வாயு இருபதாண்டு அளவிலே நோக்குமிடத்துக் காபனீரொட்சைட்டினும் எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கவல்லது. எனினும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே வளியில் நிலைப்பதால், அதனைக் குறைத்தாற் பயன் விரைவில் விளையும். அமெரிக்காவின் நகரக் குப்பைமேடுகளினின்று கசியும் மெதேனில் 58 வீதம் உணவுக் கழிவினால் ஆவது என அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2023இல் அறிவித்தது.

பசியும் காலநிலையும் சட்டத்தில் ஒன்றாய்ச் சந்தித்தமை பிரான்சிலேயே தெளிவாகக் காணப்படும். அந்நாட்டுப் பேரங்காடிகள் சில, விற்பனையாகாத உணவை ஏழைகள் எடுத்துண்ணாவண்ணம் அதன்மேல் வெளிற்றும் இரசாயனத்தை ஊற்றி வந்தன. இதனைத் தடுக்கும் விதிகள் 2015இல் முதன்முதலிற் சேர்க்கப்பட்டது வறுமை ஒழிப்புச் சட்டத்திலன்று, சத்தி மாற்றத்துக்கான சட்டத்திலாகும். நடைமுறைக் குறை காட்டி அரசியலமைப்பு மன்றம் அவ்விதிகளை நீக்கவே, தனிச்சட்டமாக அவை 2016 பெப்புருவரியில் நிறைவேறின. நானூறு சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் தரும தாபனங்களோடு உடன்படிக்கை செய்தல் வேண்டும் என்றும், உண்ணத்தக்கதை வேண்டுமென்று கெடுத்தோர்க்கு 3,750 யூரோ குற்றப்பணம் என்றும் விதிக்கப்பட்டது. முதலில் வீணாகாது தடுத்தல், அடுத்து மனிதர்க்கு உணவு, அதன்பின் விலங்குணவு, ஈற்றிற் பசளை அல்லது எரிவாயு என்னும் வரிசையையும் அச்சட்டம் வகுத்தது. ஆயினும் கெடும் தறுவாயிலுள்ள பண்டத்தைத் தெரிந்தெடுக்கும் உழைப்பும் குளிரூட்டிய வாகனச் செலவும் பெரும்பாலும் தொண்டர் தலையிலேயே விழுந்தன. வணிகர்க்குக் குப்பைக் கூலி மிச்சமாயிற்று.

இங்கே உணவு வங்கியின் எல்லை புலப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் வீணான 105 கோடி தொன் உணவில் ஏறக்குறைய 63 கோடி தொன் இல்லங்களிலும், 29 கோடி தொன் உணவுச்சாலை முதலியவற்றிலும், 13 கோடி தொன் மட்டுமே கடைகளிலும் வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றாடற்றிட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறும். வங்கி எட்டக்கூடியது பெரும்பாலும் கடைகளின் சிறுபங்கையே. வீட்டு அடுக்களையில் எஞ்சிய குழம்பை எவ்வங்கியும் ஏற்பதில்லை. மேலும், சட்டம் வகுத்த வரிசையின் முதற்படி முற்றாக வெற்றிபெறின், இரண்டாம் படியிலுள்ள வங்கியின் தட்டுக்கள் வெறுமையாகும். வீண் குறைதல் வேண்டும் என்பாரும், வறியோர்க்குப் பங்கு குறையலாகாது என்பாரும் ஒரே மேசையில் இருந்து பேசினும், அவர்கள் வேண்டுவன ஒன்றல்ல.

தென்கொரியா இவ்விரண்டையும் ஒரே தாபனத்தின் தலையில் ஏற்றவில்லை. 2005இல் உணவுக் கழிவைக் குப்பைமேட்டிற் புதைத்தல் அங்குத் தடைசெய்யப்பட்டது; 2013 முதல் எறியும் அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடப்படுகின்றது. மாடிக் குடியிருப்புப் பலவற்றிலே இயந்திரத் தொட்டி கழிவை நிறுத்து, அதற்குரிய பணத்தை அவ்வீட்டார் கணக்கில் எழுதிவிடும். திரட்டப்படும் கழிவின் பெரும்பகுதி விலங்குணவாகவும் பசளையாகவும் எரிவாயுவாகவும் மாற்றப்படுகின்றது. அந்நாட்டு உணவு வங்கிகளோ, 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை அடுத்து வேலையிழந்தோர் பெருகிய 1998இல் தொடங்கப்பட்டவை. பசித்தோர்க்கு உணவு சேர்ப்பதே இன்றும் அவற்றின் பணியாயுள்ளது.