பாறை மேல் பச்சையாக இருப்பதெல்லாம் பாசியா? மாஸ், லிவர்வோர்ட்டை அடையாளம் காண்பது எப்படி?

நைனிதாலுக்கோ டார்ஜிலிங்குக்கோ டிரிப் போகிறீர்கள். வழியில் ஈரப்பாறை, மேலே பச்சைக் கம்பளம். 'பாசி, வழுக்கும்' என்று தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் குனிந்து பார்த்தால், அதே பாறையில் மாஸ், லிவர்வோர்ட், லைக்கன் மூன்றுமே இருக்கலாம்.

இவை என்ன?

மாஸும் லிவர்வோர்ட்டும் பிரையோஃபைட்டுகள். பூ, விதை, உண்மையான வேர் எதுவும் கிடையாது. பள்ளியில் படித்த ஃபியூனேரியா ஒரு மாஸ், மார்கான்ஷியா ஒரு லிவர்வோர்ட். இந்தியாவில் 2,500-க்கும் மேற்பட்ட பிரையோஃபைட் இனங்கள் உள்ளன. மேற்கு இமயமலை லிவர்வோர்ட்டுகள் பற்றிய முக்கியமான நூலின் முதல் பகுதியை 1929-ல் வெளியிட்டவர் தாவரவியலாளர் சிவ் ராம் காஷ்யப்.

எப்படிப் பிரிப்பது?

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும்.

• தண்டு, இலை இல்லாமல் பச்சை நாடா போல ஒட்டியிருந்தால் பெரும்பாலும் லிவர்வோர்ட். மேலே குட்டி வட்டக் கிண்ணங்கள் தெரிந்தால் மார்கான்ஷியாவாக இருக்கலாம்.
• தண்டைச் சுற்றிலும் இலை, இலையில் நடுநரம்பு: மாஸ்.
• இரண்டு வரிசையாகத் தட்டையான இலை, நடுநரம்பு இல்லை: இலை வகை லிவர்வோர்ட். ஆனால் ஃபிஸ்ஸிடென்ஸ் என்ற மாஸுக்கும் இரண்டு வரிசைதான். அதில் நடுநரம்பு இருக்கும்.
• வித்துப்பையைத் தாங்கும் காம்பு விறைப்பாக இருந்தால் மாஸ். நிறமில்லாமல், தொட்டாலே துவண்டால் லிவர்வோர்ட்.
• சாம்பல் அல்லது ஆரஞ்சு நிறத்தில், இலையே இல்லாமல் இருந்தால் லைக்கன். மரக்கிளையில் தாடி போலத் தொங்குவதும் பெரும்பாலும் அதுதான்.

ஆப் சொல்லிவிடாதா?

முழுசா நம்ப முடியாது. நாம் மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கிறோம். அடையாளமோ இலைக்கு அடியில் இருக்கிறது. பல இனங்களுக்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆப் சொன்ன பெயரை அப்படியே பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றினால், இல்லாத இடத்தில் ஓர் இனம் இருப்பதாகப் பதிவாகும். அதை நம்பி அடுத்தவர் வரைபடம் போடுவார். தெரியலைன்னா 'மாஸ்' என்று மட்டும் போடுங்கள். அதுவும் சரியான தகவல்தான்.

பிய்த்து எடுக்கலாமா?

வேண்டாம். சரிவுகளில் மண்ணையும் மழைநீரையும் பிடித்து வைப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. பிய்த்த இடம் மறுபடி மூட வருஷக்கணக்கில் ஆகலாம். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி எடுப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பதிலாக நான்கு போட்டோ எடுங்கள்: முழுத் திட்டு, அளவுக்கு நாணயம் வைத்து குளோசப், ஓரத்தை மெல்லத் தூக்கி அடிப்பக்கம், காம்பு. பாறையா, மண்ணா, மரப்பட்டையா என்பதையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே பழகலாம்?

நைனிதால் அருகே குர்பாதாலில் உத்தராகண்ட் வனத்துறை 2020-ல் ஒரு மாஸ் தோட்டம் திறந்தது. அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்குங்கள்.